ஒற்றைச் சட்டிச் சான்றிதழ்

விடுதியின் இரண்டாம் மாடியில் அவளுக்கு மூடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அது அங்கேயே சௌக்கியமாக இருக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளிடம் ஒரு சட்டி உண்டு, தட்டு கிடையாது. சட்டியின் மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதில் சோறு தின்பாள். ஒரு பெயர் ஒட்டிக்கொள்ள அவ்வளவு போதும்.

வேதியியல் இரண்டாம் ஆண்டு. மாலை ஆறேகாலுக்கு ஆய்வகம் முடியும். ஆறரைக்கு அறைக்கு வந்ததும் மின்சார அடுப்பைச் சொருகுவாள். ஒன்றரைக் கை அரிசி, அரைக் கை பருப்பு, ஒரு வெங்காயம், சந்தை கலைகிற நேரத்தில் மலிவாகக் கிடைத்த காய் எதுவோ அது. வெட்டிப்போட்ட முட்டைக்கோஸ், கொஞ்சம் கனிந்துவிட்ட தக்காளி, மூக்கு உடைந்த கேரட். உப்பு, மிளகு, தண்ணீர். மூடிவிட்டுப் புத்தகத்தை எடுத்தால் நாலு பக்கம் படிப்பதற்குள் வெந்துவிடும். கடைசியில் ஒரு முட்டையை உடைத்து மேலே விட்டு, மறுபடி மூடி, நூறு எண்ணுவாள். கழுவ ஒரே பாத்திரம்.

நூறு எண்ணி முடிப்பதற்குள் பக்கத்து அறை அக்கா தட்டோடு வந்து நிற்பாள். செவிலியர் படிப்பில் கடைசி ஆண்டு. ஊசி போடத் தெரியும், உலை வைக்கத் தெரியாது.

"இன்னிக்கி முட்டை உண்டாடி?"

"உண்டு. உனக்கில்ல."

"மஞ்சக்கரு மட்டும் குடு, போதும்."

"முட்டையில அதுதானக்கா இருக்கு!"

"அப்ப வெள்ளைய நீயே வச்சுக்க. நான் என்ன பிடுங்கித் தின்னுறவளா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மாணவர் நல இயக்ககம் அக்கறை காட்டத் தொடங்கியது.

இயக்ககம் ஓர் ஆய்வு நடத்தியிருந்தது. மாணவர்கள் வீட்டுச் சமையலை மறந்து கடைத் தீனியில் கெட்டுச் சீரழிகிறார்கள் என்று அதில் தெரியவந்தது. உடனே 'எளிய இல்லச் சமையல் இயக்கம்' பிறந்தது. விடுதி அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை தொங்கியது. அதில் மூன்று கட்டளைகள். ஒன்று, மாணவர்கள் தங்களிடமுள்ள அடுப்புகளைப் பதிவு செய்வதற்காக மூன்று நாளுக்குள் இயக்ககத்தில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு, சமைக்க வேண்டும் என்ற ஊக்கம் பிறப்பதற்காகத் திங்கட்கிழமை முதல் கல்லூரி உணவகம் மூடப்படும். மூன்று, அனைவரும் சமைக்க வேண்டும்.

மூடி அதை இரண்டு முறை வாசித்தாள். தன் புத்திதான் மந்தம் என்று முடிவு செய்து, மூன்றாம் முறை வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தாள்.

"அக்கா, மூணாவத செய்யணும்னா ஒண்ணாவத செய்யக் கூடாதே?"

"பெரிய ஆபீஸ்ல உக்காந்து யோசிச்சு எழுதியிருப்பாங்க. உனக்கு மட்டும் எப்பவும் ஒரு சந்தேகம். போய்க் குடுத்துட்டு வா, ரெண்டு நாள்ல திருப்பித் தந்துடுவாங்க" என்றாள் அக்கா. ஒப்படைக்க அவளிடம் அடுப்பு எதுவும் இல்லை. இல்லாதவர்களுக்கு எப்போதும் தைரியம் அதிகம்.

இயக்ககத்தில் மூன்றாம் சாளரத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். சட்டைக் காலருக்குள் கைக்குட்டை செருகியிருந்தார். அடுப்பைத் தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, ரசீதில் 'மின்சார அடுப்பு, ஒன்று. நிறம்: வெள்ளை (முன்பு)' என்று எழுதினார்.

"சட்டியையும் குடுத்துடுங்கம்மா. துணை உபகரணம்னு வருது."

"மூடி?"

எழுத்தர் விதிகளைப் புரட்டினார். "மூடி எதுலயும் வரல. நீங்களே வச்சுக்கலாம்."

அன்று மாலை அவள் மூடியில் ஒரு பன்னை வைத்துச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் பத்து நாளாயிற்று. உணவகம் பூட்டிக் கிடந்தது. கல்லூரி வாசலில் இருந்த பன் கடைக்காரர் இரண்டாவது கடை போட்டார். மூடி மறுபடி மூன்றாம் சாளரத்துக்குப் போனாள்.

"என் அடுப்பு எப்ப சார் கிடைக்கும்?"

"சர்ட்டிஃபிகேட் வாங்கின அடுத்த நிமிஷம்."

"என்ன சர்ட்டிஃபிகேட்?"

"எளிய சமையல் தெரியும்னு சர்ட்டிஃபிகேட்."

"எனக்குத்தான் தெரியுமே சார்."

"அது உங்களுக்குத் தெரியும்மா. ஆபீசுக்குத் தெரியணுமே" என்றார் எழுத்தர். அவர் குரலில் கிண்டல் இல்லை. மழை வரும் என்பதுபோலத்தான் சொன்னார். "பன்னெண்டு வகுப்பு. அப்புறம் எழுத்துத் தேர்வு. அப்புறம் நேர்முகம். எல்லாம் முடிஞ்சா ஒத்தைச் சட்டிச் சான்றிதழ் தருவாங்க. ரெண்டு சட்டி வேணும்னா மேல்நிலை, அது அடுத்த வருஷந்தான்."

முதல் வகுப்பை இயக்குநரே தொடங்கிவைத்தார். கழுத்தைச் சற்று மேலே தூக்கி, அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

"மாணவச் செல்வங்களே! நான் சமையலறைக்குள் கடைசியாகக் காலெடுத்து வைத்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவேதான் சமையலை என்னால் நடுநிலையோடு அணுக முடிகிறது. சமைக்கிறவர்களுக்குச் சமையலில் தொலைநோக்கு இருப்பதில்லை. அவர்கள் கவனம் முழுவதும் அடுப்பில் இருக்கிறது! என் மனைவியிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொன்னதில்லை. உண்மைக்கு எதிராக யாரால் பேச முடியும்?"

பலமாகக் கை தட்டினார்கள். தட்டி முடித்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை.

இரண்டாம் வகுப்பு 'நீர்: ஓர் அறிமுகம்'. மூன்றாவது 'வெங்காயமும் சமுதாயமும்'. நான்காம் வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் தீயின் படம் காட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் பாதுகாப்பு கருதிப் பின்னால் நகர்ந்து உட்காரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். விரிவுரையாளர் நல்ல மனிதர். கேள்வி கேட்கச் சொல்லி வற்புறுத்துவார். தாடிக்காரப் பையன் ஒருவன் எழுந்தான்.

"எப்ப சார் சமைப்போம்?"

"சமையல் இந்தப் பாடத்திட்டத்துல இல்லையேப்பா. இது சமையலுக்கு முந்தின நிலை."

"அப்ப சமையல் எந்தப் பாடத்துல சார் வரும்?"

"அது வீட்டுல செய்யறது" என்றார் விரிவுரையாளர், கொஞ்சம் அருவருப்போடு.

ஐந்தாம் வகுப்பில் அவர், உங்களில் யாராவது எப்போதாவது உண்மையிலேயே சமைத்ததுண்டா என்று கேட்டார். மூடி கையைத் தூக்கினாள். தூக்கியிருக்கக் கூடாது. ஆனால் அவளுக்கு வினாவுக்கு விடை சொல்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. எழுதித் தரச் சொன்னார். அரைத்தாளில் ஒன்பது வரி எழுதிக் கொடுத்தாள். எழுதும்போதே 'உப்பு: தேவையான அளவு' என்பது சரியா என்று ஒரு சந்தேகம். அடித்துவிட்டுத் திரும்ப அதையே எழுதினாள்.

அந்த அரைத்தாள் ஒரு கோப்பானது. கோப்பு குழுக்களுக்குப் போயிற்று. அடுப்பைப் பற்றிக் கேட்க வாரம் ஒருமுறை சாளரத்துக்குப் போகும்போதெல்லாம் எழுத்தர் அவளுக்குக் கோப்பின் உடல்நிலையைச் சொல்லி அனுப்புவார்.

"ஊட்டச்சத்துக் குழு 'தேவையான அளவு'ங்கறதுல நிக்குதும்மா. யாரோட தேவைன்னு கேக்கறாங்க."

அடுத்த வாரம்: "தீத்தடுப்புக் குழு பாத்துட்டாங்க. குறைந்தபட்ச வெப்பத்துல சமைக்கணுமாம். முடிஞ்சா வெப்பமே இல்லாம."

"வெப்பமில்லாம எப்படி சார் அரிசி வேகும்?"

"அது அவங்க குழுவோட வேலை இல்லையாம்."

சிக்கனக் குழு சிக்கனத்தைப் பற்றி ஆற அமர யோசிப்பதற்காக ஒரு மலை விடுதியில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தது. ஒரு சட்டியில் எல்லாவற்றையும் போடுவது பார்வைக்கு ஏழ்மையாக இருப்பதால் பதினொரு பாத்திரங்கள் தேவை என்று அது பரிந்துரைத்தது. 'சந்தை கலைகிற நேரத்தில் வாங்கிய காய்' என்பது மாணவர் தன்மானத்தைப் புண்படுத்தும் என்று மொழிக் குழு அதை நீக்கி, 'கவனத்துடன் தேர்ந்தெடுக்கப்பட்ட காய்கறிகள்' என்று போட்டது. முட்டைக்குத் தனி உபகுழு. அதை உடைப்பதா வேண்டாமா என்பதில் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து, ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் ஒன்பது வரி அறுபத்து நாலு பக்க நூலாக வெளிவந்தது. அட்டையில் இயக்குநர் சமையல்காரர் தொப்பியோடு சிரித்தார். கரண்டியைப் பேனா பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். நன்றியுரையில் புகைப்படக்காரர், அச்சகத்தார், மலை விடுதி நிர்வாகம் என்று எல்லோருக்கும் நன்றி சொல்லி, இறுதியாக 'மற்றும் ஒரு மாணவி' என்று முடித்திருந்தது.

அந்த ஒரு மாணவி இதற்குள் இளைத்துப் போயிருந்தாள். காலையில் பன், மதியம் வாழைப்பழம், மாலையில் பன். கடையில் சாப்பாடாக வாங்கித் தின்ன வீட்டிலிருந்து வருவது போதாது. ஆய்வகத்தில் பகல் முழுக்க எதையாவது கொதிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அதில் எதையும் வாயில் வைக்க முடியாது. ஒருநாள் தலை சுற்றி, கண்ணாடிக் குழாயில் திரவத்தின் அளவைத் தப்பாகப் படித்தாள். இன்னொரு நாள் குடுவையையே கீழே போட்டாள்.

"செய்முறைத் தேர்வுக்கு இன்னும் மூணு வாரம் கூட இல்ல. அங்கயும் இப்படிக் கை நடுங்கிச்சுன்னா ஒரு வருஷம் போச்சு, பாத்துக்க. சாப்பிடறியா இல்லையா?" என்று கேட்டார் ஆய்வகப் பயிற்றுநர்.

"சமையல் வகுப்புக்குப் போய்ட்டிருக்கேன் மேடம்."

பயிற்றுநர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா தொலைபேசியில் விடவில்லை. "உனக்கெதுக்குடி சமையல் வகுப்பு? ஏழாங்கிளாஸ்லயே நான் வேலைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள சோறாக்கி வச்சவளாச்சே நீ!"

"அதாம்மா பிரச்சினையே."

"என்ன பிரச்சினை? அடுப்பு கெட்டுப் போச்சா?"

"இல்லம்மா, அடுப்பு நல்லாத்தான் இருக்கு. ஆபீஸ்ல இருக்கு."

"அடுப்புக்கு ஆபீஸ்ல என்னடி வேலை?"

இந்தக் கேள்விக்கு மூடியிடம் விடை இல்லை. இயக்ககத்தில் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு எளிய சமையல் எழுத்துத் தேர்வு. பன்னிரண்டு மணிக்கு முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று. தேற நாற்பது வேண்டும். நேர்முகத்தில் ஒன்பது கிடைத்தால் கூடக் கரையேறிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். இயக்குநர் நடுவில். வலப்பக்கம் விரிவுரையாளர்.

"சோறு வெந்ததை எப்படி அறிவாய்?" என்றார் இயக்குநர்.

"ஒரு பருக்கையை எடுத்து விரல்ல நசுக்கிப் பாப்பேன் சார்."

இயக்குநர் கண்ணை மூடினார். நூலை விரிவுரையாளர் பக்கம் தள்ளினார். விரிவுரையாளர் நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்தார்: "அட்டவணை நான்கில் கண்டுள்ள காலம் நிறைவுற்றதும் சோறு வெந்ததாகக் கொள்ளப்படும்."

"அதுக்கு முன்னாடியே வெந்துட்டா சார்?"

"வேகக் கூடாது" என்றார் இயக்குநர்.

மூடிக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போலிருந்தது. "சார், இந்தப் புத்தகமே நான் எழுதிக் குடுத்த குறிப்புலேர்ந்துதான்..."

"அப்படியானா நீ தொண்ணூறு வாங்கியிருக்கணுமே? முப்பத்தொண்ணு வாங்கினவ எழுதின குறிப்ப வச்சா நாங்க நூல் போடுவோம்? எங்கள என்னன்னு நினைச்ச?" என்றார் இயக்குநர்.

இதில் ஒரு தர்க்கம் இருந்தது. மூடி அதில் ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது.

"முன் அனுபவம் ஏதாவது?"

"தினமும் சமைச்சிருக்கேன் சார். ரூம்ல."

"சான்றிதழ் இல்லாமலா?"

விரிவுரையாளர் பேனாவை எடுத்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. தேறவில்லை என்பதோடு, அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் சமைத்தது ஏன் என்று ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்றும் எழுதினார்கள். அடுத்த தேர்வு ஐந்து மாதம் கழித்து.

வெளியே வந்தபோது மணி ஒன்று. காலையில் தின்ற பன் எப்போதோ கரைந்து போயிருந்தது. எழுத்தரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று மூன்றாம் சாளரத்துக்குப் போனாள். 'உணவு இடைவேளை' என்ற அட்டை தொங்கியது. அதன் பின்னால் ஆளில்லை. ஆனால் நடையின் கோடியிலிருந்து ஒரு வாசனை வந்தது.

வெங்காயமும் பருப்பும் ஒன்றாகச் சேர்ந்து குழைகிற வாசனை. அவள் யோசிக்கவில்லை, கால்கள் யோசித்தன. கோடியில் 'கிடங்கு. அந்நியர் நுழையக் கூடாது' என்ற கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

சுவரை ஒட்டிய அலமாரிகளில் நாற்பத்து மூன்று அடுப்புகளுக்கான இடம். ஒவ்வோர் அடுப்பின் கழுத்திலும் ஒரு சீட்டு. ஓரிடம் மட்டும் காலி. அந்த அடுப்பு கீழே, மேசை மேல், சொருகப்பட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை (முன்பு). அதன் மேல் அவளுடைய சட்டி. பதிவேட்டுக்கட்டு ஒன்றைச் சட்டிக்கு மூடியாக வைத்திருந்தார்கள். எழுத்தர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக் கொண்டு கிளறிக்கொண்டிருந்தார். இயக்குநரின் கார் ஓட்டுநர், அறுபத்து நாலு பக்க நூலைப் பலகையாக வைத்து, அட்டையில் இருந்த தொப்பியின் மேலேயே முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கதவச் சாத்தும்மா, வாசனை போவுது" என்றார் ஓட்டுநர்.

"அது என் அடுப்பு" என்றாள் மூடி.

எழுத்தர் கரண்டியைக் கீழே வைத்தார். "தெரியும்மா. கேன்டீன மூடினதும் நாங்க மட்டும் எங்க போறது சொல்லுங்க? எல்லா அடுப்பையும் சொருகிப் பாத்தேன். ஒண்ணு ஷாக் அடிக்குது. ஒண்ணு பத்திக்கிட்டா அணைய மாட்டேங்குது. உங்களுதுதான் மரியாதையான அடுப்பு. உங்க குறிப்பும் கோப்புல முதல் தாளா இருந்துச்சு. அத மட்டும் வச்சுச் செஞ்சா பிரமாதமா வருது. மிச்ச அறுபத்து நாலு பக்கத்தப் படிச்சா பசியே போயிடுது."

"நான் ரெண்டு மாசமா பன்னு தின்னுட்டிருக்கேன் சார்."

ஓட்டுநர்தான் முதலில் அசைந்தார். "என்னய்யா பாத்துட்டே நிக்கற? புள்ளைக்கு மொதல்ல போடு."

"இன்னும் வேகலங்க" என்றாள் மூடி. எட்டிப் பார்த்து, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி, "மிளகு கூடிப்போச்சு. கோஸ இவ்வளவு பொடியா நறுக்க வேணாம்ணே. முட்டைய இப்ப ஊத்தாதீங்க, நான் சொல்றப்ப ஊத்துங்க" என்று கரண்டியை எடுத்துக்கொண்டாள். கை நடுங்கவில்லை.

கிளறிக்கொண்டே கேட்டாள். "நாளைக்குச் செய்முறைத் தேர்வு சார். இந்தப் பசியோட போனா குடுவைய உடைச்சுட்டுத்தான் வருவேன். என் அடுப்பக் குடுத்துடுங்களேன்."

எழுத்தர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "எனக்கா மனசில்ல? இதப் பாருங்க. 'பொருள் வெளியே சென்ற காரணம்'னு ஒரு கட்டம். அதுல சான்றிதழ் எண் எழுதணும். இல்லன்னா இயக்குநர் கையெழுத்தோட வேற காரணம் எழுதணும். காலியா விட்டா என் வேலை காலி. எனக்கும் வீட்டுல மூணு வயிறு இருக்கும்மா."

அவள் பதில் சொல்வதற்குள் கதவு படாரென்று திறந்தது.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? பத்து நிமிஷமா கார்கிட்ட நிக்கறேன்!" என்று ஓட்டுநரைத் தேடி வந்த இயக்குநர், வாசலில் நின்று மூக்கை உயர்த்தினார். "என்ன வாசனை?"

ஓட்டுநர் அட்டைப்படத்தின் மேலிருந்த கோஸை ஒரே வழிப்பில் சட்டிக்குள் தள்ளிவிட்டு நூலை நிமிர்த்திப் பிடித்தார். "நூலைச் சோதிச்சுப் பாத்துட்டிருக்கோம் சார்."

"நூலையா?"

"ஆமா சார். எழுதியிருக்கற மாதிரியே வருதான்னு" என்றார் எழுத்தர். அவருக்கு வியர்த்தது.

இயக்குநர் சட்டியைப் பார்த்தார். அதிகாலையிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, நேர்முகத்தில் உட்கார்ந்து இருபது பேரைத் தோல்வியடையச் செய்திருக்கிறார். அந்த வேலையும் பசியைக் கிளப்பும் போலிருக்கிறது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முட்டையை ஊற்றி, மூடி நூறு எண்ணி முடித்ததும், எழுத்தர் தன் டிபன் பெட்டி மூடியில் அவருக்குப் பரிமாறினார். முதல் வாயிலேயே அவர் கண் அகலமானது. இரண்டாம் முறை அவரே நீட்டினார். மூன்றாம் முறை கேட்கக்கூட இல்லை, கரண்டியை எடுத்துக்கொண்டார். நின்றுகொண்டிருந்த மூன்று பேரும் சட்டியின் அடிப்பாகம் தெரியத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா? அறுபத்து நாலு பக்கமும் நாக்குல தெரியுது" என்றார் வாய் நிறைய வைத்துக்கொண்டு. "சிக்கனக் குழு மட்டும் மலைக்குப் போகலன்னா இந்த ருசி வந்திருக்குமா? நீ அந்தத் தோத்த பொண்ணுதானே? நல்லாப் பாத்துக்க. இப்படித்தான் சமைக்கணும்."

"சரிங்க சார்."

"வீட்டுலயும் வைக்கிறாங்களே! ஒருநாளாவது இப்படி இருந்திருக்கா? அட்டவணை பாத்துச் செய்ங்கன்னா கேக்கறதில்ல."

சட்டி காலியானது. இயக்குநர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். வயிறு நிறைந்ததும் அவருக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டார். பொங்கி வழிந்து அடுப்பில் காய்ந்திருந்த பருப்பின் மேல் அவர் பார்வை விழுந்தது.

"என்ன அசிங்கம் இது? ஐம்பத்தெட்டாம் பக்கத்துல என்ன போட்டிருக்கோம்? சமையல் முடிந்ததும் உபகரணங்கள் அனைத்தும் கழுவப்பட வேண்டும். எடுத்துட்டுப் போய்க் கழுவு."

மூடி சட்டியைக் கையில் எடுத்தாள். கதவுவரை போய் நின்றாள். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சந்தேகம் தன் மேல் வரவில்லை.

"எல்லாத்தையுமா சார்?"

"அனைத்தும்னா எல்லாந்தான்."

"அடுப்பையுமா?"

ஓட்டுநருக்கு இருமல் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடுப்பில்லாம சமையலா? அதுலதானே அழுக்கே இருக்கு! தண்ணியில நல்லா ஊற வச்சுத் தேய்ச்சுக் கழுவு. இதெல்லாம் ஒரு இயக்குநர் சொல்லித் தரணுமா?"

"ஊறணும்னா நேரமாகுமே சார். இங்க குழாயும் இல்ல. ஹாஸ்டலுக்குத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"எடுத்துட்டுப் போ. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, சுத்தந்தான் முக்கியம்."

எழுத்தர் தலையைத் தூக்கவே இல்லை. பதிவேட்டைப் புரட்டி, பேனாவைத் திறந்து, மழையைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் கேட்டார். "வெளியே சென்ற காரணம்ங்கற கட்டத்துல, 'இயக்குநர் உத்தரவின்படி ஊற வைத்துக் கழுவ, கால வரையறையின்றி'ன்னு போட்டுக்கட்டுமா சார்?"

"அழகா போடுங்க. கையெழுத்து எங்க?"

கையெழுத்துப் போட்டார். நகலிலும் போட்டார். எழுத்தர் அதன்மேல் முத்திரையை அழுத்தி, நகலைக் கிழித்து மூடியிடம் நீட்டினார். அவள் அடுப்பின் வயரைச் சுருட்டி, சட்டிக்குள் வைத்து, இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். ஓட்டம் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தாள்.

மாலை ஆறரைக்கு விடுதியின் இரண்டாம் மாடியில் வெங்காய வாசனை பரவியது. அக்கா தட்டோடு ஓடி வந்தாள்.

"சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டாங்களாடி?"

"ஃபெயிலுக்கா."

"அப்புறம் இது?"

அதற்குள் கதவு தட்டப்பட்டது. விடுதிக் காப்பாளர். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் சுற்றறிக்கை. அக்கா தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். காப்பாளர் சொருகியிருந்த அடுப்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"இங்க என்ன நடக்குது?"

மூடி எழுந்து நகலை நீட்டினாள். காப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கையெழுத்தையும் முத்திரையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. பதினாறு வருஷமாகச் சுற்றறிக்கைகளோடு குடும்பம் நடத்துகிறவர்.

"அடுப்ப கழுவிட்டிருக்க. அப்படித்தானே?"

"ஆமா மேடம். இயக்குநர் உத்தரவு."

"எப்ப முடியும்?"

மூடி குனிந்து ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல வெந்துடும் மேடம்."